கேம் வைத்துப் பாடம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்காரவைத்து வீடியோ கேம் வழியாகப் பாடம் நடத்துகிறோம். பெற்றோர் கூட்டம், கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் இதைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து ஆசிரியர்களும் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

“கேம்னா கேம், படிப்புன்னா படிப்பு. ரெண்டையும் ஏன் சார் போட்டுக் குழப்புறீக?”

குழப்பம் எதுவும் இல்லை. இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1971-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஆசிரியப் பயிற்சியில் இருந்த மூன்று மாணவர்கள் ‘ஆரிகன் டிரெயில்’ என்று ஒரு கேம் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடிபெயர்ந்தவர்களின் கதையை எட்டாம் வகுப்புக்கு நடத்த அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அப்போது திரைகூடக் கிடையாது. கேள்வி காகிதத்தில் அச்சாகி வரும், பிள்ளைகள் பதிலைத் தட்டுவார்கள். கையிலிருக்கும் பணத்தில் மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிமணிக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கணக்குப் பிசகினால் பாதி வழியில் பயணம் முடிந்துவிடும்.

செய்து பார்த்துக் கற்றுக்கொள்வது நம் ஊருக்கும் பழக்கமானதுதான். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக் கடை வைத்திருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), சின்னப் பையனைப் பெட்டியடியில், அதாவது கடைப் பெட்டிக்குப் பக்கத்தில், உட்காரவைத்தே தொழில் பழக்கினார்கள். பெட்டியடிப் பையன் அடுத்தாள் (உதவியாளர்) ஆவான், அப்புறம் மேலாள் (கடையை நடத்துபவர்) ஆவான். வட்டிக் கணக்கை அவன் படித்தது கடைக்குள்ளேதான். ஆனால் அங்கே கணக்குத் தப்பினால் முதலாளிக்கு நஷ்டம், பையனுக்குத் திட்டு. கேமில் தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, உடனே மறுபடி ஆடலாம். படிப்புக்குக் கேம் தருகிற பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். தப்புச் செய்யப் பிள்ளை பயப்படுவதில்லை.

“‘எஜுகேஷனல்’னு போட்டிருந்தா டவுன்லோடு பண்ணிக் கொடுத்திரலாமா?”

கூடாது. அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான ‘கல்வி கேம்’களில் ஒரு கார் ஓடும், நடுவில் நிறுத்தி “7 × 8 எவ்வளவு?” என்று கேட்கும், சொன்னால் கார் மறுபடி ஓடும். மாத்திரைக்கு மேல் சர்க்கரை பூசுகிற வேலை இது. பிள்ளை சர்க்கரையை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். காருக்கும் வாய்ப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இங்கிலாந்தில் ஹேப்குட், எய்ன்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய கேமில் எலும்புக்கூடுகள் நெஞ்சில் ஓர் எண்ணோடு வரும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் ஆயுதத்தை எடுத்தால்தான் அதை வீழ்த்த முடியும். வகுத்தலும் சண்டையும் ஒரே செயல். இதே கேமில் வகுத்தலைச் சண்டையிலிருந்து பிரித்து, கட்டங்களுக்கு நடுவே தனிக் கேள்வியாக வைத்து இன்னொரு வடிவமும் செய்தார்கள். முதல் வடிவத்தை ஆடிய பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். பிடித்ததை ஆடலாம் என்று விட்டபோது, முதல் வடிவத்தில் ஏழு மடங்கு அதிக நேரம் இருந்தார்கள். ஆகவே ஒரு கேமைக் கையில் எடுத்ததும் இப்படிக் கேளுங்கள்: இதில் ஜெயிக்கப் பிள்ளை செய்யும் வேலையும், பிள்ளை கற்க வேண்டிய வேலையும் ஒன்றுதானா? ஒன்று என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

“எந்தப் பாடத்துக்கு ஒத்துவரும், எதுக்கு ஒத்துவராது?”

“இப்படிச் செய்தால் என்ன ஆகும்?” என்று கேட்க இடமுள்ள பாடத்துக்கெல்லாம் ஒத்துவரும். மின்சுற்று, ஒளி, விசை, பின்னம், வரைபடம், கணினி நிரல் எல்லாம் அதில் சேரும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ தளத்தில் இப்படி ஆடிப் பார்க்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் இலவசம், சில தமிழிலும் உண்டு. அதில் மின்சுற்றுப் பக்கத்தைத் திறந்ததும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது, பேட்டரியின் இரு முனையையும் வெறும் ஒயரால் இணைப்பதுதான். பேட்டரி தீப்பிடிக்கும். வகுப்பே கத்தும். அந்தக் கத்தல் அடங்குவதற்குள் “ஏன் பிடித்தது?” என்று கேட்டுவிட வேண்டும். அப்புறம் நடுவில் 10 ஓம் மின்தடை வைத்தால் தீ அணைந்துவிடும். 9 வோல்ட்டுக்கு அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடுகிறது. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பேட்டரி ஆராய்ச்சி செய்யும் ஊர் இது. இங்கே படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் வாழ்க்கையில் நேராகவே உதவலாம்.

கட்டுரை எழுதுவது, நீளமான கதையைப் பொறுமையாகப் படிப்பது, கையெழுத்து, குறளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது, இதற்கெல்லாம் கேம் தேவையில்லை. தேடி அலையவும் வேண்டாம்.

“எங்க வீட்ல ஒரே ஒரு போனு. அதையும் அவுக அப்பா வேலைக்குக் கொண்டுபோயிருவாக. என்ன செய்ய?”

ராத்திரி அரை மணி நேரம் போன் கிடைத்தாலே போதும். நெட் தீர்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ‘ஜீகாம்ப்ரி’ என்ற இலவசத் தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எண், எழுத்து, நேரம் பார்ப்பது, புதிர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் இருக்கின்றன. விளம்பரம் கிடையாது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

போனே இல்லையென்றாலும் பாடம் நிற்காது. ரமணி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வசதி குறைந்த வீடுகளின் நான்கைந்து வயதுப் பிள்ளைகள், 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட அட்டையில் காயை நகர்த்தி ஆடினார்கள். தலா 15 நிமிடம் போல, நான்கே அமர்வுகள். எண்ணறிவு நன்றாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அட்டையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காயை வைக்கும்போது அந்தக் கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. திண்ணையில் சாக்கட்டியால் பத்துக் கட்டம் போட என்ன செலவு? எந்தக் கேமாக இருந்தாலும் நாங்கள் பார்ப்பதும் இதைத்தான். விளையாடும்போது பிள்ளை எதை நினைக்கிறது, எதைச் சொல்கிறது என்பதைத்தான்.

“எம் பேரனுக்கு மூணு வயசு. போனக் குடுத்தாத்தான் சாப்பிடுறான். அதுலயே எழுத்து கேமைப் போட்டுவிட்டா நல்லதுதான தம்பி?”

ஆச்சி, சாப்பாட்டு நேரத்துக்கு அது வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: 2 வயது வரை திரையே வேண்டாம்; 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைத்தால் நல்லது. மூன்று வயதில் எழுத்தைவிடப் பேச்சுத்தான் முக்கியம். நீங்கள் சொல்லும் கதையை எந்த கேமாலும் சொல்ல முடியாது. மரச்சொப்பை எடுத்துக் கொடுத்து, “எனக்கு ரெண்டு இட்லி வை, ஐயாவுக்கு மூணு வை” என்று விளையாடுங்கள். அதுவே கணக்குப் பாடம்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்?”

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே அளவு சொல்ல முடியாது. தூக்கம், வெளியில் ஓடி ஆடுவது, வீட்டுப்பாடம், வீட்டில் நாலு பேரோடு பேசுவது, இவற்றில் எதையும் கேம் தின்னவில்லை என்றால் சரி. பாடத்துக்காக ஆடுவது என்றால், ஒரு பாடவேளையில் பாதிக்கு மேல் திரை வேண்டாம். மீதிப் பாதியில் நோட்டும் பேச்சும் இருக்க வேண்டும். ஏன் என்பதற்கான பதில் கீழே ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வியில் இருக்கிறது.

“இப்படி நீங்களே பழக்கிவிட்டு, நாளைக்கு அடிமையாயிட்டா யார் பொறுப்பு?”

பயம் நியாயமானது. ‘கேமிங் கோளாறு’ என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். நிறுத்த முடியாமல் போவது. மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிப் போவது. கெடுதல் கண் முன்னால் நடந்தும் தொடர்வது. இவற்றால் படிப்பும் குடும்பமும் கெட்டு, வழக்கமாக 12 மாதமாவது இப்படி இருந்தால்தான் அது நோய். விடுமுறையில் ஒரு வாரம் விடாமல் ஆடிய பையனை ‘அடிமை’ என்று எல்லார் முன்னாலும் சொல்வது தப்பு. அந்தப் பட்டம் பிள்ளை மனதில் தங்கிவிடும்.

நிறுத்தும்போது வரும் சண்டையில் பாதி, நாம் நிறுத்தும் இடத்தால் வருவது. ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்காமல், “இந்தக் கட்டம் முடிஞ்சதும் வச்சிரு” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மேலே சொன்ன மூன்றும் உண்மையிலேயே தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். எந்த நேரமும் கூப்பிடலாம்.

“சுடுற கேம் ஆடினா மூளை ஷார்ப் ஆகும்னு எம் மகன் சொல்றான். உண்மையா?”

கொஞ்சம் உண்மை. கிரீன், பவேலியர் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமான சண்டை கேம் ஆடுபவர்களுக்குக் கண்ணால் கவனித்துப் பிரித்தறியும் திறன் கூடுதலாக இருந்தது. ஆடாதவர்களுக்குப் பத்து மணி நேரம் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் கூடியது. ஆனால் அது கண்ணின் கவனம் பற்றியது. வேதியியல் சமன்பாடு பற்றியதல்ல. கடையில் அந்த கேமுக்கு 16+ அல்லது 18+ என்று போட்டிருந்தால், மகன் எட்டாவது படிக்கும்போது பதில் ‘வேண்டாம்’தான்.

“என் வகுப்புல 40 பிள்ளைக. லேப்ல ஓடுற கம்ப்யூட்டர் பத்து. இதை வச்சு எப்படி சார்?”

பத்து இருப்பது நல்லதுதான். நான்கு பேருக்கு ஒன்று கொடுத்து, நாலு பேருக்கும் வேலை பிரித்துவிடுங்கள். ஒருவர் மவுஸ். ஒருவர் திரையில் வருவதைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் என்ன செய்தோம், என்ன ஆனது என்று நோட்டில் எழுத வேண்டும். நான்காவது ஆள் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் “ஏன்?” என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மவுஸ் பிடித்தவர், மற்ற மூன்று பேர் சொல்லாமல் எதையும் அழுத்தக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். சத்தம் வரும். நாற்பது பிள்ளைகள் கணக்கைப் பற்றிச் சத்தம் போடுவது நாம் கேட்க ஏங்குகிற சத்தம்தானே?

இதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. வவுட்டர்ஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் சொன்னது: கேமோடு வேறு பாடமுறையும் சேரும்போது, ஒருமுறைக்குப் பல முறை ஆடும்போது, குழுவாக ஆடும்போது கற்றல் கூடுகிறது. அதனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். திரையை அணைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது? ஏன் நடந்தது? இதே விஷயத்தைத் திரைக்கு வெளியே எங்கே பார்த்திருக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கு விளையாட்டு மட்டும்தான் நடந்திருக்கிறது. பாடம் இன்னும் பாக்கி.

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார் கேமு? பையன் ஆடட்டும், அவ பக்கத்துல இருந்து பாக்கட்டும்.”

பார்ப்பதால் வராது, கை வைத்தால்தான் வரும். விட்டுவிட்டால் மவுஸ் பையன்கள் கையிலேயே போய் நின்றுவிடுகிறது. மேலே சொன்ன ஐந்து நிமிட மாற்றத்தை நான் கண்டிப்பாக வைத்திருப்பது முக்கியமாக இதற்காகத்தான். வீட்டில் அண்ணனுக்கு அரை மணி என்றால் தங்கச்சிக்கும் அரை மணி. இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

“கட்டையா அடுக்கி வீடு கட்டுற கேம்ல அப்படி என்ன படிப்பு இருக்கு?”

அதில்தான் அதிகம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நாங்கள் பயன்படுத்துவது அதே மாதிரியான ‘லுவாண்டி’. முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், நெட் இல்லாமல் லேபுக்குள்ளேயே எல்லாரும் ஒரே உலகத்தில் சேர்ந்து கட்டலாம். ஒரு கட்டை ஒரு மீட்டர் கன சதுரம். பிள்ளைகளிடம் சொன்னது ஒரே வரி: “நம்ம ஊர் வீடு ஒன்றைக் கட்டுங்கள்.” டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். முகப்பு, திண்ணை, பட்டாலை என்ற கூடம், வளவு என்ற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டை அளந்து, அளவைக் கட்டைக் கணக்குக்கு மாற்றினார்கள். விகிதம் பாடம் அங்கேயே முடிந்தது.

தளத்துக்கு வந்தபோது ஆத்தங்குடிக் கல் எத்தனை வேண்டும் என்று கேட்டேன். எட்டு அங்குலக் கல், ஏறக்குறைய 20 செ.மீ. ஒரு மீட்டருக்கு ஐந்து கல் என்று சரியாகச் சொன்னார்கள். “அப்ப 4-க்கு 3 மீட்டர் அறைக்கு?” என்றதும் ஒரு குழு 60 என்றது. பரப்பு 12, ஐந்தால் பெருக்கினால் 60. இன்னொரு குழு 300 என்றது. இரண்டு குழுவுக்கும் சண்டை. ஒரு பிள்ளை எழுந்து, வகுப்புத் தரையில் ஒரு மீட்டர் சதுரம் போட்டு உள்ளே கோடு கிழித்தாள். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து. 25 கட்டம். 60 என்று சொன்னவர்கள் வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்துவிட்டு, “ஆமா, 300 தான்” என்றார்கள். நீளத்தின் அலகையும் பரப்பின் அலகையும் குழப்பிக்கொள்வது ஏழாம் வகுப்பில் எப்போதும் வரும் சிக்கல். அன்றைக்கு அதைத் தீர்த்தவர்கள் பிள்ளைகள்தான்.

அடுத்தது கூரை. ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்து மழைத்தண்ணீரை வளவில் கொட்ட வேண்டும். இரண்டு கட்டை நகர்ந்தால் ஒரு கட்டை இறக்கம் என்று சரிவு வைத்தார்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு இது முன்னோட்டம். கூரை உச்சியில் தண்ணீர் வைத்து எங்கே ஓடுகிறது என்று பார்த்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர் பட்டாலைக்குள் போனது. கூரையைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். இந்தக் கணக்குப் போட்ட பிறகு, ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டியவர்கள் என்ன யோசித்திருப்பார்கள் என்று பிள்ளைகளே பேச ஆரம்பித்தார்கள்.

“எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கே. தமிழ்ல கேம் இல்லையா?”

குறைவுதான். மேலே சொன்ன ஃபெட் பக்கங்களில் சில தமிழில் உண்டு. தமிழரின் கதையைச் சொல்லும் கேம் என்றால் ‘வெண்பா’. கனடாவின் டொரோண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 2024-இல் முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. 1980-களில் கனடா போய்ச் சேர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு பழசாகி எழுத்து அழிந்திருக்கும். அழிந்த இடத்தை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு வைக்க வேண்டும். எந்தப் படி முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்துவதுதான் ஆட்டம். செய்முறை எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் வகுப்பில் அப்படியே பயன்படுத்தலாம்: ஆச்சியிடம் கேட்டு, கந்தரப்பம் செய்முறையைப் பாதி அழித்து எழுதிவரச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளை மீதியை நிரப்பட்டும்.

ஆங்கில கேமை ஒதுக்கவும் வேண்டாம். திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் ஆள் அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால் இரண்டு மொழியும் வளரும்.

“ஆடுறது சரி. பிள்ளைகளே கேம் செய்ய முடியுமா?”

முடியும், ஆடுவதைவிட அதில்தான் படிப்பு அதிகம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ என்ற நிரல் எழுதும் மென்பொருள் இலவசம். கட்டளைகளை வண்ணக் கட்டங்களாக ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். நெட் இல்லாமல் ஓடும் வடிவமும் இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது பல்லாங்குழி.

முதல் சிக்கல் விதியில் வந்தது. வீட்டில் கேட்டுவாருங்கள் என்று அனுப்பினால் ஆளுக்கொரு விதியோடு வந்தார்கள். குழிக்கு ஐந்து காய் என்றார் ஓர் அப்பத்தா, ஆறு என்றார் இன்னொருவர். நான்கு சேர்ந்தால் பசு. அதை உடனே எடுப்பதா, ஆட்ட முடிவில் எடுப்பதா? மனிதர்கள் ஆடும்போது இதையெல்லாம் பேசிச் சமாளித்துவிடலாம். கணினிக்கு ஒவ்வொன்றையும் தீர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே பிள்ளைகள் உட்கார்ந்து எழுதினார்கள்: கடைசிக் காய் போட்டதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும், அடுத்த குழி காலியென்றால் அதற்கடுத்த குழியில் உள்ளது நமக்கு, இரண்டும் காலியென்றால் ஆட்டம் எதிராளிக்கு. இவ்வளவு தெளிவான தமிழை அவர்களுடைய கட்டுரை நோட்டில் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது சிக்கல் கணக்கில். குழிகள் 14. 14-ஆம் குழிக்கு அடுத்தது 1 என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளை, இப்போதைய எண்ணோடு 1 கூட்டி 14-ஆல் வகுத்து மீதியை எடுக்கலாம் என்றான். ஓட்டிப் பார்த்தால் 13-ஆம் குழியிலிருந்து போன காய் எங்கேயோ மறைந்தது. 13-ஓடு 1 சேர்த்தால் 14. வகுத்தால் மீதி 0. 0-ஆம் குழி என்று ஒன்று இல்லை. முதலில் வகுத்து மீதியை எடுத்து, அப்புறம் 1 கூட்டினால்? 13-க்கு 14 வருகிறது, 14-க்கு 1 வருகிறது. காய் சுற்றி வந்தது. மீதியை வைத்துப் போடும் இந்தக் கணக்கு, ‘மட்டு எண்கணிதம்’ என்ற தலைப்பைப் பாடப்புத்தகத்தில் அவர்கள் பிறகுதான் பார்க்கப் போகிறார்கள்.

“நல்லா ஆடினா மார்க், பரிசுன்னு குடுத்தா இன்னும் ஆர்வமா வருவாங்கள்ல?”

முதல் வாரம் வருவார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் செய்த சோதனை இதற்குப் பதில். படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளுக்கு, “வரைந்தால் பரிசு” என்று முன்னதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே பாராட்டுங்கள், எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள்; விலை மட்டும் பேசாதீர்கள்.

“பணம் கட்டி ஆடுற கேமும் இப்படித்தான் மூளைக்கு நல்லதுன்னு விளம்பரம் பண்றாங்களே?”

அதன் பக்கம் போகவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் கேம்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்கிறது. மின் விளையாட்டுப் போட்டிகளும், கற்கவும் பொழுதுபோக்கவும் உள்ள கேம்களும் அதில் தனி வகை. அவற்றுக்குத் தடை இல்லை. இலவச கேமுக்குள்ளேயே ‘இதை வாங்கு, அதை வாங்கு’ என்று வரும். போனில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள். அதைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

“சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. பரீட்சையில மார்க் ஏறுமா?”

கேம் மட்டும் ஆடினால் ஏறாது. கிளார்க் குழுவினர் 2016-இல் தொகுத்த ஆய்வுகளில், கேம் வைத்துப் படித்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகக் கற்றார்கள். அதோடு, ஒரே கேமின் மேம்படுத்திய வடிவத்தை ஆடியவர்கள், அதன் சாதாரண வடிவத்தை ஆடியவர்களைவிடக் கூடுதலாகக் கற்றார்கள். பெயர் பெரிதல்ல, வடிவமைப்புத்தான் பெரிது.

பத்தாவது பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. படிகளை வரிசையாக எழுதினால்தான் மார்க். அதனால்தான் நோட்டையும் கடைசிப் பதினைந்து நிமிடத்தையும் அவ்வளவு வலியுறுத்தினேன். மின்சுற்றில் 0.9 ஆம்பியரைப் பார்த்த பிள்ளை, அதை V = IR என்று எழுதிப் பார்க்காவிட்டால் தேர்வில் நிற்கும். எழுதிப் பார்த்தால் மறக்காது. தேர்வுக்கு முந்தைய வாரம் கேம் வேண்டாம். பழைய வினாத்தாள் எடுங்கள்.

“கேம்ல காட்டுறதே தப்பா இருந்தா? பிள்ளைக அதையே உண்மைன்னு நம்பிராதா?”

எனக்குப் பிடித்த கேள்வி இது. தப்பு எல்லா கேமிலும் இருக்கிறது. மேலே சொன்ன கட்டை கேமில் ஊற்றாக வைத்த தண்ணீர் தீரவே தீராது. சமதளத்தில் சில கட்டை தூரம் போய் அப்படியே நின்றுவிடும். ஆரிகன் டிரெயிலில் வண்டி கட்டிப் போனவர்களின் கண்ணால்தான் எல்லாம் தெரியும். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த பூர்வகுடிகளின் பக்கம் தெரியாது. 2021-இல் வந்த புதிய வடிவத்துக்குப் பூர்வகுடி வரலாற்றாளர்களிடம் கேட்டுத் திருத்தினார்கள். கேம் என்பது யாரோ ஒருவர் உலகத்தைப் பற்றி எடுத்த முடிவுகளின் தொகுப்பு. பாடப்புத்தகத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்; ஆனால் கேமில் தப்பைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு எளிது, ஏனென்றால் ஆடிப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்த கேமை முடித்தாலும் “இதில் நிஜத்தில் நடக்காதது எது?” என்று ஒரு பட்டியல் எழுதவைக்கிறோம். தண்ணீர் தீராது என்பதை முதலில் எழுதியது ஆறாம் வகுப்புப் பிள்ளை.

வரலாற்று கேம் செய்யும்போது இது இன்னும் முக்கியம். நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் தந்தத்தில் செய்த தாயக்கட்டையும் சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். காய் கிடைத்திருக்கிறது, ஆட்டத்தின் விதி கிடைக்கவில்லை. அதை வைத்து ஸ்கிராட்சில் கேம் செய்கிறேன் என்று ஒரு குழு வந்தால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் முதல் திரையிலேயே இரண்டு பத்தி போட வேண்டும்: அகழாய்வில் கிடைத்தவை என்று ஒன்று, நாங்களாகச் சேர்த்தவை என்று இன்னொன்று. இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் அந்த கேமை நான் வகுப்பில் ஓட்ட விடுவதில்லை.